மாணவர் எனப் பெயர் பூண்ட பேரறிஞர்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. பானைச் சோறு முழுவதையும் நசுக்கிப் பார்ப்பார் எவரும் இலர். எனினும், எடுத்துப் பார்த்த சில பருக்கைகளை எந்த அளவிற்கு நம்பலாம் என்னும் வினாவிற்கு விடை கூற இயலாமல் புள்ளியியல் நெடுங்காலம் தயங்கி நின்றது. அத்தயக்கத்தைப் போக்கியவர் வில்லியம் சீலி காசெட் ஆவார். அவர்தம் இயற்பெயரை அறிந்தோர் சிலரே. ஸ்டூடண்ட் என்னும் புனைபெயரைப் புள்ளியியல் பயின்றோர் அனைவரும் அறிவர்.

இங்கிலாந்தின் கேண்டர்பரி நகரில் 1876ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் காசெட் பிறந்தார். தந்தையார் படைத்துறை அதிகாரி. மைந்தரும் அத்துறையையே நாடினார். பார்வைக் குறைவு குறுக்கே நின்றது. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்று இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். 1899இல் டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடி ஆலையில் பணியேற்றார்.

வாற்கோதுமையின் தரத்தை ஆய்வதும் அவரது பணிகளுள் ஒன்று. எந்த விதை மிகுந்த விளைச்சல் தரும் என்று அறிய வேண்டும். ஆனால், கையில் இருப்பனவோ நான்கைந்து வயல்களின் அளவுகளே. அக்காலப் புள்ளியியல் நூற்றுக்கணக்கான அளவுகளைக் கொண்ட பெருங்கூறுகளுக்கே வழி கூறிற்று. அளவுகள் மிகச் சிலவாயின், அவற்றிலிருந்து கணித்த திட்ட விலக்கமே ஐயத்திற்குரியது ஆகிவிடும். அதனை உறுதியானதென நம்பிக் கணக்கிடுவோர், தற்செயலாய் நேர்ந்த வேறுபாட்டையும் மெய்யான வேறுபாடு என மயங்குவர்.

1906, 1907ஆம் ஆண்டுகளில் இலண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் தங்கிக் காசெட் இச்சிக்கலை ஆராய்ந்தார். அவர் வகுத்த நிறுவலில் ஓர் இடைவெளி இருந்தது. அதனை மறைக்க அவர் முயலவில்லை, செய்முறையால் சோதித்தார். 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நந்நான்காகப் பிரித்து 750 கூறுகளை அமைத்தார். கூறுகள் காட்டிய பரவல் அவரது கணக்கோடு பெரிதும் ஒத்தது. 1908இல் பயோமெட்ரிகா இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. ஊழியர் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட நிறுவனம் இசையாமையால், மாணவர் எனப் பொருள்படும் புனைபெயரை அவர் மேற்கொண்டார்.

அம்முறையை அவர் காட்டிய எடுத்துக்காட்டாலேயே உணரலாம். நோயாளிகள் 10 பேர்க்கு இருவகைத் தூக்க மருந்துகள் தரப்பட்டன. இரண்டாவது மருந்து சராசரியாக 1.58 மணி நேரம் மிகுதியாகத் தூக்கம் தந்தது. இரண்டிற்கும் வேறுபாடே இல்லை என முதற்கண் கொள்ளவேண்டும். இதுவே இன்மை எடுகோள். வேறுபாடுகளின் திட்ட விலக்கமாகிய 1.23ஐ 10இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.39 கிடைக்கும். 1.58 என்பது இதனைப் போல் ஏறத்தாழ 4.06 மடங்கு. வேறுபாடு உண்மையில் இல்லையாயின், 10 பேர் கொண்ட கூறில் இம்மடங்கு 2.26ஐக் கடப்பது, இரு திசைகளையும் சேர்த்து, நூற்றுக்கு ஐந்து முறையே நிகழும். 4.06 அதனினும் மிகுதியாதலின் இன்மை எடுகோளைத் தள்ளுகிறோம். கடக்காதிருந்தால்? வேறுபாடு இல்லை என்று மெய்ப்பித்ததாக ஆகாது. உண்டென்று கூறப் போதிய சான்று கிட்டவில்லை என்பதே பொருள். மாணவர் பலர் இடறுமிடம் இதுவே.

சிறு கூறுகளில் பியர்சனுக்கு நாட்டம் இல்லை. இளைஞராயிருந்த ரொனால்டு ஃபிஷரே 1912இல் அந்த இடைவெளியை நிரப்பும் நிறுவலை எழுதி அனுப்பினார். பின்னர் இருவரும் கடிதங்கள் வழியே கலந்து, முதலில் அமைந்த சூத்திரத்தைச் சீர்செய்தனர். 1925இல் அது டி-சோதனையாக வடிவம் பெற்றது. பியர்சனும் ஃபிஷரும் தீராப் பகை கொண்டோர். காசெட்டோ இருவரிடத்தும் நட்புப் பூண்டிருந்தார். வயல் ஆய்வுகளை அமைக்கும் முறையில் இறுதி ஆண்டுகளில் அவருக்கும் ஃபிஷருக்கும் கருத்து மாறுபாடு எழுந்தது. எனினும், 1937 அக்டோபர் 16ஆம் நாள் தமது 61ஆம் வயதில் காசெட் மறைந்தபின், அவரது அறிவாற்றலைப் போற்றி 1939இல் கட்டுரை வரைந்தவர் அந்த ஃபிஷரே.

இரண்டு மூன்று நிகழ்வுகளைக் கண்ட அளவிலேயே ஒரு மனிதரைப் பற்றியும் ஒரு கூட்டத்தாரைப் பற்றியும் தீர்ப்பு எழுதிவிடுவது நம் இயல்பு. சிறு சான்றிலிருந்தும் முடிவு காணலாம்; ஆனால், அதன் ஐயத்தையும் அளந்து உடன் கூறவேண்டும் என்பதே காசெட் விட்டுச்சென்ற பாடம். தலைசிறந்த அறிஞராய் விளங்கியும் இறுதிவரை மாணவர் என்னும் பெயரிலேயே எழுதிய அவர்தம் வாழ்வு, மாணவச் செல்வங்களுக்கு மட்டுமன்றி, கற்பிக்கும் நமக்கும் உரியதாகும்.