100 ஆண்டு தாண்டியும் ரீப்ளேயில் விழும் ராஜா வீட்டு ஜாக்கி

குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி கீழே விழுந்து விட்டால் டி.வி.க்காரர்களுக்கு தர்மசங்கடம்தான். ரீப்ளே போட்டாக வேண்டும். ஆனால் விழுந்தவர் எழுந்தாரா இல்லையா என்றே தெரியாமல் எப்படி போடுவது? வீட்டில் அவர் மனைவி, பிள்ளைகள் பார்த்துக் கொண்டிருப்பார்களே! அதனால் நிலைமை தெரியும் வரை அந்தக் காட்சியை காட்டத் தயங்குவார்கள். யார் குறுக்கே வந்தது என்று விசாரிக்கும் பந்தய அதிகாரிகள் மட்டும் தனி அறையில் போட்டுப் பார்ப்பார்கள்.

இங்கிலாந்து ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனது.

1880-ல் பிறந்த ஜோன்ஸ், நியூமார்க்கெட்டில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த பையன். அங்கு இளவரசர் எட்வர்டின் 'டைமண்ட் ஜூபிலி' என்ற குதிரை இருந்தது. பார்க்க ராஜ களை, குணம் படு முரடு. பெயர் பெற்ற ஜாக்கியே ஏறினாலும் மல்லுக்கு நிற்கும். தினமும் பழகிய ஜோன்சிடம் மட்டும் ஓரளவு அடங்கியது. வேறு வழியில்லாமல் அவரையே ஏற்றி விட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, 1900-ம் ஆண்டு 19 வயதில் டெர்பி உள்பட 3 பெரிய பந்தயங்களையும் அள்ளி விட்டார். 1909-ல், அதற்குள் மன்னராகி விட்ட எட்வர்டுக்கு 'மினோரு' குதிரையில் மீண்டும் டெர்பி வாங்கிக் கொடுத்தார்.

1913 ஜூன் 4-ந்தேதி. எப்சம் டெர்பி. மன்னர் 5-ம் ஜார்ஜின் 'ஆன்மர்' குதிரையில் ஜோன்ஸ் பின்வரிசையில் வந்து கொண்டிருந்தார். வளைவில் திடீரென ஒரு பெண் தடுப்புக்கு அடியில் புகுந்து குதிரைக்கு எதிரே வந்து நின்றார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடி பலமுறை ஜெயிலுக்குப் போன எமிலி டேவிசன் (வயது 40). அவ்வளவுதான். மோதிய வேகத்தில் எமிலி தூக்கி வீசப்பட்டார். குதிரையோடு விழுந்த ஜோன்ஸ் மயங்கிக் கிடந்தார். எமிலி 4 நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பரிதாபமாக இறந்தார்.

அத்தனையும் செய்திப்பட கேமராக்களில் பதிவாகி விட்டது. தியேட்டர்களில் படம் ஓடியது. ஜோன்ஸ் நிலைமை என்ன என்று கேட்டுவிட்டு போடும் வழக்கமெல்லாம் அப்போது ஏது?

ராணி அலெக்சாண்ட்ரா தந்தி அடித்து அவரிடம் நலம் விசாரித்தார். 2 வாரத்தில் ஜோன்ஸ் அதே ஆன்மரில் ஏறி அஸ்காட் பந்தயத்துக்கு வந்து விட்டார். 1928-ல் ஓட்டுரிமைப் போராட்டத் தலைவி எம்மலின் பாங்கர்ஸ்ட் இறந்தபோது, அவருக்கும் எமிலிக்கும் சேர்த்து மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார்.

1951-ல், 70 வயதில் ஜோன்ஸ் தற்கொலை செய்து கொண்டார். எமிலியின் முகம்தான் அவரை துரத்தியது என்று கதை கட்டியவர்கள் உண்டு. 38 ஆண்டு கழித்து நடந்ததற்கு அப்படி முடிச்சுப் போடுவது நியாயமில்லை.

2013-ல், சம்பவத்தின் 100-வது ஆண்டில், 3 கேமராக்களின் படச்சுருளையும் கம்ப்யூட்டரில் போட்டு அங்குலம் அங்குலமாக நிறுத்தி ஆராய்ந்தார்கள். எல்லாம் எமிலி என்ன செய்யப் போனார் என்று பார்க்கத்தான். டைமண்ட் ஜூபிலியை அடக்கிய பையனை யாரும் தேடவில்லை. இன்றும் அந்தப் படத்தில் ஆன்மர் எழுந்து, ஆள் இல்லாமலே ஓடிப் போகிறது. ஜோன்ஸ் புல் தரையில் அசையாமல் கிடக்கிறார்.