மொழி தெரியாத நோயாளிகளின் தாய்

நோயுற்றுப் படுத்திருக்கும் ஒருவரிடம் மருத்துவர் வந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். அவர் கேட்பது நோயாளிக்குப் புரியவில்லை. நோயாளி சொல்வது அவருக்குப் புரியவில்லை. எவ்வளவு பரிதாபமான நிலை! பிறந்த மண்ணில் வறுமை தாங்காமல் கப்பலேறி அமெரிக்கா சென்ற இத்தாலிய ஏழைகள் பலர் இப்படித்தான் தவித்தார்கள். அவர்களுக்குத் தாயாக வந்தவர் புனித பிரான்செஸ் சவேரியார் கபிரினி அன்னை.

இவர் 1850-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், இத்தாலியின் லொம்பார்தி பகுதியில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். சிறுவயதில் காகிதக் கப்பல்களில் பூக்களை வைத்து நீரில் விடுவார். அந்தப் பூக்கள்தாம் தூர தேசம் செல்லும் மறைபரப்பாளர்கள்! ஒருநாள் தவறி நீரில் விழுந்தார். அன்று பிடித்த தண்ணீர்ப் பயம் பின்னும் நீங்கவில்லை. கன்னியர் மடத்தில் சேர விரும்பியபோது, உடல் வலிமை போதாது என்று மறுத்துவிட்டார்கள். ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. 1880-இல் திரு இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தாமே நிறுவினார். நம் முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த புனித சவேரியாரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார்.

அவருடைய ஆசையெல்லாம் சீனாவுக்குச் செல்வதே. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரோ அவரைக் கிழக்கே அல்ல, மேற்கே போகப் பணித்தார். 1889 மார்ச் 31-ஆம் நாள் ஆறு சகோதரிகளுடன் நியூயார்க் வந்து சேர்ந்தார். தங்க இடம் ஆயத்தமாகவில்லை. திரும்பிப் போவதே நலம் என்றார் பேராயர். திருத்தந்தை அனுப்பிய இடத்திலேயே இருப்பதாக அன்னை பணிவுடன் தெரிவித்தார்.

பள்ளியும் அநாதை இல்லமுமே தம் பணி என்று எண்ணியிருந்த அன்னை, மருத்துவமனை நடத்த முதலில் தயங்கினார். அப்போது ஒரு கனவு கண்டார். தேவமாதா கைச்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தார். நீ செய்ய மறுத்ததை நான் செய்கிறேன் என்று மாதா உணர்த்தியதாக அன்னை கண்டார். தயக்கம் அகன்றது. 1892-இல் 10 கட்டில்களோடு கொலம்பஸ் மருத்துவமனை பிறந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400-ஆம் ஆண்டு அது. இத்தாலியருக்கு அப்பெயர் பெருமை. அமெரிக்கருக்கும் அது அந்நியமன்று. அங்கே ஏழை நோயாளி தன் வலியைத் தாய்மொழியிலேயே சொல்லலாம். அதைக் கேட்டு மருத்துவருக்கு விளக்கச் சகோதரிகள் இருந்தார்கள்.

1905-இல் சிகாகோவிலும் ஒரு மருத்துவமனை எழுந்தது. தண்ணீருக்கு அஞ்சிய அன்னை 20 தடவைக்கு மேல் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 67 இல்லங்களை உருவாக்கினார். 1909-இல் அவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1917 டிசம்பர் 22-ஆம் நாள், தாம் எழுப்பிய சிகாகோ மருத்துவமனையிலேயே இறைவனடி சேர்ந்தார். 1946-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1950-இல் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார்.

போரினாலும் பஞ்சத்தினாலும் நாடு விட்டு நாடு வரும் அகதிகள் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு மருத்துவமனைக் கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. எந்த வரிசையில் நிற்பது, எந்தச் சீட்டை நீட்டுவது, மருந்தை எப்போது உண்பது என்று அவர்கள் மொழியில் சொல்ல ஒருவர் வேண்டும். மருத்துவமனை கட்ட நம்மால் இயலாதிருக்கலாம். வழி தெரியாமல் வாசலில் விழித்து நிற்கும் அயலாரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல நம் ஒவ்வொருவராலும் இயலும், அல்லவா?