தேயாத குரலைத் தேடிய பாடகர்



கிறிஸ்துமஸ் நெருங்கினால் சில வீடுகளில் ஒரே கொண்டாட்டம்தான். அக்கா கீபோர்டு வாசிப்பாள். தம்பி பிஸ்கட் டப்பாவில் தாளம் போடுவான். அப்பா அதைச் செல்போனில் பதிவு செய்வார். நடுவில் யாராவது சிரித்துவிட்டால் கவலை இல்லை, மறுபடியும் பாடிக்கொள்ளலாம். கெட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டி எறியவும் செய்யலாம்.

சுமார் 80 ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி உலகப் புகழ் பெற்ற பாடகர்களுக்கே எளிதில் கிடைக்கவில்லை. அது கிடைப்பதற்குத் துணை நின்ற ஒரு பாடகரின் கதையை இன்று சொல்கிறேன். அவர் பெயர் பிங் கிராஸ்பி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா என்ற ஊரில், 1903 மே 3-ந் தேதி பிறந்தார். ஏழு குழந்தைகளில் நான்காவது பிள்ளை. பெற்றோர் வைத்த பெயர் ஹாரி. செய்தித்தாளில் வந்த 'பிங்வில் பியூகிள்' என்ற நகைச்சுவைப் பகுதியை விழுந்து விழுந்து படிப்பாராம். அதனால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் 'பிங்'. கல்லூரியில் சட்டம் படித்தார். மனமோ பாட்டிலேயே இருந்தது. 1925-ல் நண்பர் ஒருவருடன் பழைய காரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் கிளம்பிவிட்டார்!

அந்தக் காலத்துப் பாடகர்கள் கடைசி வரிசை வரை கேட்பதற்காக உரக்கப் பாடுவார்கள். பிங் அப்படிச் செய்யவில்லை. மைக் ஒருவரின் காது போன்றது என்று புரிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மென்மையாகப் பாடினார். வானொலி கேட்ட மக்கள் மயங்கிப் போனார்கள்.

இர்விங் பெர்லின் என்ற இசையமைப்பாளர் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்ற பாடலை எழுதினார். ஊரைவிட்டு வெகு தூரத்தில் இருப்பவர், பனி கொட்டும் பழைய கிறிஸ்துமஸை நினைத்து ஏங்கும் பாடல் அது. பிங் அதை 1942 மே 29-ந் தேதி இசைத்தட்டுக்காகப் பாடினார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கடல் கடந்து போரிட்ட வீரர்கள் அந்தப் பாட்டைக் கேட்டு வீட்டை நினைத்துக் கண்ணீர் விட்டார்கள். 1944-ல் பிங் ஐரோப்பாவுக்கே சென்று அவர்கள் முன்னால் பாடினார்.

அந்த இசைத்தட்டு எவ்வளவு விற்றது தெரியுமா? மூலப் பதிவிலிருந்து மீண்டும் மீண்டும் தட்டுகளை அச்சிட்டதில், அந்த மூலமே தேய்ந்துபோனது! அதனால் 1947 மார்ச் மாதத்தில், அதே பாடலை முதலில் பாடியது போலவே பிங் மறுபடியும் பாட வேண்டி வந்தது. இன்று நாம் பெரும்பாலும் கேட்பது இந்த இரண்டாவது பதிவைத்தான்.

வானொலியிலும் அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. நியூயார்க்கில் இரவு 9 மணி என்றால் லாஸ் ஏஞ்சல்சில் மாலை 6 மணிதான். ஆகவே ஒரே நிகழ்ச்சியை இரண்டு தடவை நேரடியாகப் பாடவேண்டும். ஒரு சொல் பிசகினாலும் அது அப்படியே நாடு முழுவதும் கேட்டுவிடும். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டால் பிழையைத் திருத்தலாம், மீதி நேரத்தில் தமக்குப் பிடித்த கோல்ஃப் ஆடலாம் என்று நினைத்தார் பிங். வானொலி நிறுவனம் சம்மதிக்கவில்லை.

பிங் விடுவாரா? 1946 அக்டோபரில் வேறொரு வானொலிக்கு மாறி, நிகழ்ச்சியைத் தட்டில் பதிவு செய்தார். ஆனால் தட்டுக்குத் தட்டு நகல் எடுத்ததில் குரல் மங்கியது. கேட்பவர்கள் குறைந்தார்கள். எல்லோரும் அவர் தோற்றுவிட்டார் என்றே நினைத்தார்கள்.

அப்போதுதான் ஜாக் மலின் என்பவர் வந்தார். போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்திருந்தவர் அவர். இரும்புத் துகள் பூசிய நீளமான நாடாவில் ஒலியைக் காந்தப் பதிவாக மாற்றும் கருவி அது. பிழையான இடத்தைக் கத்தரித்துவிட்டு, இரு முனைகளையும் ஒட்டிவிடலாம். சிலேட்டில் தப்பை அழித்துவிட்டு எழுதுவது போலத்தான்! 1947 அக்டோபர் முதல் பிங்கின் நிகழ்ச்சிகள் நாடாவில் பதிவாகி ஒலித்தன.

அத்தோடு அவர் நிற்கவில்லை. இத்தகைய கருவியை அமெரிக்காவிலேயே செய்ய முயன்ற ஆம்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்கு 50,000 டாலர் தந்து உதவினார். வந்த கருவிகளில் ஒன்றைத் தம் நண்பரான கிதார் கலைஞர் லெஸ் பாலுக்குக் கொடுத்தார். லெஸ் பால் அதில் ஒரு சிறு மாற்றம் செய்தார். முதலில் பதிவான இசையைக் கேட்டுக்கொண்டே, அதன் மேல் இன்னொரு இசையைச் சேர்த்தார். வீட்டில் இருந்தபடியே அவரும் மனைவி மேரி ஃபோர்டும் ஒரு கூட்டமே பாடுவதுபோலப் பாடல்களை உருவாக்கினார்கள்.

பிங் கிராஸ்பி 1977 அக்டோபர் 14-ந் தேதி, ஸ்பெயினில் கோல்ஃப் ஆடி முடித்தபின் மாரடைப்பால் காலமானார். அதற்கு முன்பே பதிவு செய்திருந்த அவருடைய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, அவர் மறைந்த பிறகு தொலைக்காட்சியில் வந்தது. தேய்ந்துபோகாத குரலைத் தேடியவர், தாம் இல்லாத கிறிஸ்துமஸிலும் பாடினார்!

கண்மணிகளே, பிங் தமக்கு வேண்டிய வசதியைத்தான் முதலில் தேடினார். கிடைத்ததும் அதைத் தமக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் கையிலும் கொடுத்தார். அதனால்தான் அது வளர்ந்தது. இந்த ஆண்டு வீட்டில் பாடிப் பதிவு செய்யும்போது பிழை வந்தால் அழாதீர்கள். மறுபடியும் பாடுங்கள். அப்படியே, ஓரமாக நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு அந்த டப்பாவைக் கொடுங்கள். செய்வீர்கள் அல்லவா?