ஃபார்வர்டு செய்வதற்கு முன் 5 கேள்வி... 1948-லேயே சொன்ன ஹரால்ட் லாஸ்வெல் யார்?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. யார் எடுத்தது, யாரைக் குறிவைத்து எடுத்தது? யாரும் கேட்பதில்லை. அடுத்த நிமிடமே அடுத்த குரூப்புக்குப் போய்விடுகிறது. இதையெல்லாம் கேட்டே ஆகணும் என்று 1948-லேயே எழுதி வைத்தவர் ஹரால்ட் லாஸ்வெல். மீடியா படித்தவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே அறிமுகமான பெயர்தான்.

போஸ்டரும் ஆயுதம்தான்

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்தில் 1902-ல் பிறந்தார். அப்பா பாதிரியார், அம்மா ஆசிரியை. 16 வயதிலேயே சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார்.

முதல் உலகப் போரை எல்லோரும் பீரங்கி, பதுங்குகுழி என்று பேசிக்கொண்டிருந்தபோது, இவர் போஸ்டரையும் துண்டறிக்கையையும் ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1927-ல் புத்தகமாக வந்தது. போர்ப் பிரசாரத்துக்கு 4 வேலைகள் என்றார்: எதிரி மேல் வெறுப்பை வளர்ப்பது, கூட்டாளிகளைக் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது, நடுநிலை நாடுகளை நம் பக்கம் இழுப்பது, எதிரியின் மன உறுதியை உடைப்பது. பிரசாரம் என்பது வெறும் கருவி, நல்லதா கெட்டதா என்பது அதைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது என்பது அவர் பார்வை.

எரிந்துபோன உழைப்பு

1938-ல் சிகாகோவை விட்டுக் கிளம்பினார். அவருடைய ஆய்வுக் குறிப்புகளை ஏற்றிச் சென்ற வாகனங்கள் வழியில் விபத்தில் சிக்கி எரிந்தன. பல வருட உழைப்பு சாம்பல். ஆனாலும் மனுஷன் ஓயவில்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் போர்க்காலத் தகவல்தொடர்பை ஆராயும் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். எந்தச் சொல், எந்தக் கருத்து, எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் அங்கே முக்கியமான வேலை.

கோர்ட்டுக்குப் போன கணக்கு

1942-ல் வில்லியம் டட்லி பெல்லி என்ற பாசிசத் தலைவர் மீது தேசத்துரோக வழக்கு. லாஸ்வெல் நிபுணர் சாட்சியாக வந்தார். நாஜி பிரசாரத்தின் 14 கருப்பொருள்களைப் பட்டியல் போட்டு, பெல்லியின் பத்திரிகை எழுத்து அவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டினார். பெல்லிக்கு 15 ஆண்டு சிறை.

இங்கேதான் சிக்கல். எதிரி சொல்வதும் நம் ஊர்க்காரர் சொல்வதும் ஒத்துப்போனால், அது மட்டுமே குற்றத்துக்கு ஆதாரம் ஆகிவிடுமா? நாளைக்கு அரசை நியாயமாக விமர்சிப்பவர் மீதும் இதே அளவுகோலை வைக்கலாமே! இந்தக் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அந்த 5 கேள்வி

போருக்குப் பிறகு யேல் சட்டப் பள்ளியில் பேராசிரியரானார். 1948-ல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம் ரொம்ப சிம்பிள்:

• பேசுவது யார்?
• என்ன சொல்கிறார்?
• எந்த வழியாக?
• யாருக்கு?
• விளைவு என்ன?

இதில் குறையும் உண்டு. செய்தி ஒரே திசையில் போவதாகவே இது பார்க்கிறது, கேட்பவர் திருப்பிப் பேசுவதற்கு இடமில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். 'ஏன் சொல்கிறார்' என்ற கேள்வியும் பட்டியலில் இல்லை.

1978-ல் லாஸ்வெல் மறைந்தார். ஸ்மார்ட்போனை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அடுத்த ஃபார்வர்டு வரும்போது அந்த 5 கேள்வியைக் கேளுங்க. கூடவே, அவர் விட்டுப்போன அந்த 'ஏன்' என்பதையும்!