பேய்களுக்குப் பட்டணத்தில் வீடு பிடித்துக் கொடுத்தவர்

தென்பெண்ணையாற்றின் வடகரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர். ஆற்றைத் தாண்டினால் கடலூர்ச் சீமை. இன்று இரு கரையும் ஒரே நாடு. 1906ஆம் ஆண்டில் அப்படி இல்லை. சோரியாங்குப்பத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கடலூரில் ஆங்கிலேயர் ஆட்சி. ஆனால் ஆட்சி இரண்டானாலும் பாட்டிமார் சொன்ன கதை ஒன்றுதான். சுடுகாட்டுப் பாதை, புளியமரம், காட்டேரி, முனி, ஜடாமுனி! இந்தப் பேய்களுக்கு எந்தத் துரைத்தனமும் எல்லை போட்டதில்லை.

அந்த 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. விருத்தாசலம் என்று பெயரிட்டார்கள். பாட்டி கதைப் பேய்களை எல்லாம் புளியமரத்திலிருந்து இறக்கி, சென்னைப் பட்டணத்துக்கு அழைத்து வந்து, படித்தவர்கள் வாழும் வீட்டுக்குள் குடிவைக்கப் போகும் குழந்தை அது என்று அன்று யார் கண்டார்கள்?

அவர்தாம் புதுமைப்பித்தன்!

அவரை இப்போது நினைப்பதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டில் கில்யெர்மோ தெல் தோரோ என்ற மெக்சிகோ நாட்டு டைரக்டர் 'பிராங்கன்ஸ்டைன்' கதையை மீண்டும் படமாக்கினார். நெட்பிளிக்ஸ் மூலம் உலகமெங்கும் வீட்டுக்கு வீடு அது வந்து சேர்ந்தது. மாயக்கதை, விஞ்ஞானக் கதை, திகில் கதை விரும்பும் அன்பர்கள் எங்கும் அதைப்பற்றிப் பேசினார்கள். நம் வாலிபர்களும் பேசினார்கள். ஆனால், அந்தக் கதையை ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் தந்தவர், நம் பெண்ணையாற்றுக்கு அக்கரையில் பிறந்த இந்த மனிதர்தாம் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாசில்தார் மகன்

தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார். மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகச் சிறுவனின் படிப்பு நடந்தது. எட்டு வயதில் தாயை இழந்தான். 1918இல் தந்தை உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சொந்தச் சீமையான திருநெல்வேலிக்குத் திரும்பினார். மகனும் தாமிரவருணிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தான்.

பிற்காலத்தில் நெல்லைத் தமிழின் நெளிவு சுளிவுகளையெல்லாம் கதையில் கொண்டுவந்த எழுத்தாளர் பிறந்தது தென்னார்க்காட்டில் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அப்போது வயது 25. பாடப் புத்தகத்தைவிடக் கதைப் புத்தகத்தில்தான் அவர் மனம் ஓடியது. மகன் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ பேனாவை நம்பினார். கமலா என்ற பெண்மணியை மணந்துகொண்டார். சிறிது காலத்தில் தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் மனம் ஒட்டாமல் போயிற்று. இலக்கியத்தை நம்பிச் சென்னைக்கு ரயிலேறினார் விருத்தாசலம்.

'மணிக்கொடி' காலம்

1933இல் கே. சீனிவாசன், டி. எஸ். சொக்கலிங்கம், வ. ரா. ஆகிய மூவரும் சேர்ந்து 'மணிக்கொடி' என்ற பத்திரிகையை ஆரம்பித்திருந்தார்கள். 1934இல் அதில் விருத்தாசலத்தின் கதைகள் வெளிவரத் தொடங்கின. புதுமைப்பித்தன் என்ற பெயரைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. கதையைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள் அதைவிட அதிகம்.

'மணிக்கொடி' புகழ் தந்தது, சோறு தரவில்லை. சிறிது காலம் 'ஊழியன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். பிறகு டி. எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த 'தினமணி'யில் சேர்ந்தார். பகலெல்லாம் தந்திச் செய்திகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் கதை எழுதினார். 1943இல் சொக்கலிங்கம் அப்பத்திரிகையை விட்டு வெளியேறியபோது அவரும் உடன் வெளியேறினார். மாதச் சம்பளத்தைவிடத் தோழமை பெரிதென்று எண்ணிய மனிதர்!

பேய் வீட்டுக்குள் வந்தது

மாயக்கதை தமிழனுக்குப் புதிதல்ல. விக்கிரமாதித்தனும் வேதாளமும் திண்ணை தோறும் உலாவிய நாடு இது. புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியாரும், 1910இல் நூலாக வந்த 'ஞானரத'த்தில் வாசகர்களைக் கந்தர்வ லோகத்துக்கு அழைத்துப் போனார். அப்படியானால் புதுமைப்பித்தன் செய்த புதுமை என்ன?

பழைய கதையில் பேய் எங்கோ காட்டில் இருக்கும். கேட்பவன் வீட்டில் பத்திரமாக இருப்பான். புதுமைப்பித்தன் அந்தப் பத்திரத்தைப் பறித்துவிட்டார்!

1943இல் 'கலைமக'ளில் வந்த 'காஞ்சனை' கதையைப் பாருங்கள். கதை சொல்லுபவன் ஓர் எழுத்தாளன். நாலு புத்தகம் படித்தவன். ஒரு நாள் நடுராத்திரி விழித்துக்கொள்கிறான். காரணம் தெரியாமல் ஏதோ ஒரு நாற்றம் வருகிறது. பிறகு ஒரு வாசனை வருகிறது. மறுநாள் வாசலுக்குப் பிச்சை கேட்டு ஒரு பெண் வருகிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதிலிருந்து அவனுக்கு நிம்மதி இல்லை. வந்தவள் மனுஷிதானா? இதைக் கேட்கவும் வெட்கம். கேட்காமல் தூங்கவும் பயம்.

கடைசி வரையில் ஆசிரியர் விடை சொல்லவில்லை. மந்திரவாதி வந்து பேயை ஓட்டினான் என்றோ, எல்லாம் கனவு என்றோ சொல்லியிருந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கியிருப்பார். பேயை நம்பினால் படித்தவன் என்ற பெயர் போகும். நம்பாவிட்டால் இருட்டில் எழுந்து கொல்லைப்பக்கம் போகத் தைரியம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும் நம்மைத்தான் அவர் படம் பிடித்தார். காஞ்சனையைவிட, அவளைக் கண்டு நடுங்கும் அந்தப் படிப்பாளிதான் கதையின் உண்மையான விஷயம்.

பயமுறுத்தத் தெரிந்தவருக்குச் சிரிக்க வைக்கவும் தெரிந்தது. அதே 1943இல் வந்தது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னை எஸ்பிளனேடு முனையில் கடவுள் மனித உருவில் வந்து, கந்தசாமிப் பிள்ளையிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பிள்ளை அவரைக் காபி ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். கடவுளைக் கண்டவர் வரம் கேட்பார் என்று எதிர்பார்த்தால், தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா சேர்த்துவிடுகிறார்! கடவுளே வந்து நடனமாடினாலும் ரசிக்க ஆளில்லாத உலகம் இது என்று கதை காட்டுகிறது.

'கபாடபுர'த்தில் கடல்கொண்ட பழைய நகரத்தைக் கண்முன் எழுப்பினார். 'வேதாளம் சொன்ன கதை'யில் விக்கிரமாதித்தன் காலத்து வேதாளத்தை இக்காலத்து மனிதனோடு பேச வைத்தார். ஒரு கதையில் ஆஸ்பத்திரிக் கட்டில்கூடப் பேசியது.

பெயரில்லாதவனுக்கு ஒரு பெயர்

இனி, 'பிராங்கன்ஸ்டைன்' கதைக்கு வருவோம். 1815இல் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தில் பரவியதால் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. அந்த 1816ஆம் ஆண்டில் ஜெனிவா ஏரிக்கரையில், மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்கள் சிலர், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று தீர்மானித்தார்கள். அவர்களில் 18 வயதுப் பெண் ஒருத்தி எழுதத் தொடங்கியதுதான் அந்தக் கதை. அவள் பெயர் மேரி ஷெல்லி. 1818இல் புத்தகம் வெளிவந்தது. விஞ்ஞானக் கதை என்னும் துறைக்கே அதுதான் தாய் என்று பலர் போற்றுகிறார்கள்.

விஞ்ஞானம் கற்ற இளைஞன் ஒருவன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்கிறான், உயிர் கொடுக்கிறான். கண் விழித்த உருவத்தைக் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். பெற்றவன் கைவிட்ட பிள்ளை போல் அலையும் அந்தப் பிறவி, கடைசியில் பழிவாங்கப் புறப்படுகிறது.

மூலக்கதையில் அந்தப் பிறவிக்குப் பெயரே கிடையாது. அதைச் செய்தவன் பெயர்தான் பிராங்கன்ஸ்டைன். புதுமைப்பித்தன் தமிழில் தரும்போது 'பிரேத மனிதன்' என்று தலைப்பிட்டார். பிரேதமும் அதுவே, மனிதனும் அதுவே என்ற கதையின் சாரம் முழுவதும் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. செய்தவன் பெயரை விட்டுவிட்டு, செய்யப்பட்டவனைத் தலைப்பில் ஏற்றினார். எப்போதும் அநாதைகளின் பக்கம் நின்ற பேனாவுக்கு அது பொருத்தம்தான்.

உண்மையான பேய்கள்

இரண்டாம் உலக யுத்தம் நெருங்கிய நேரத்தில் அவர் முசோலினியின் வரலாற்றை எழுதினார். என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'பாசிஸ்ட் ஜடாமுனி'! மரத்திலிருக்கும் ஜடாமுனிக்குப் பொங்கல் வைத்தால் சாந்தியாகிவிடும். ரோமாபுரியில் உட்கார்ந்திருந்த ஜடாமுனியோ மனிதர்களையே காவு கேட்டது. பாட்டி கதைப் பேயின் பெயரை எங்கே கொண்டுபோய் ஒட்டினார், பாருங்கள்!

1941இல் வந்த 'மகாமசானம்' கதையில் பேயே கிடையாது. சென்னையின் ஜன சந்தடி மிகுந்த சாலையோரத்தில் ஒரு கிழப் பிச்சைக்காரன் செத்துக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். ஒரு சிறு பெண் குழந்தை மட்டும் நின்று பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. மசானம் என்றால் சுடுகாடு. பட்டணத்தையே பெரிய சுடுகாடாகக் காட்டிவிட்டார். 'காஞ்சனை'யைப் படித்து நடுங்குகிறவர்கள் இதைப் படித்தால் தலைகுனிவார்கள்.

மேல் நாட்டுக் கதைகளைத் தழுவி எழுதிவிட்டு, மூலத்தைச் சொல்லாமல் விட்டார் என்ற குற்றச்சாட்டு அவர் மீது உண்டு. ஆரம்ப காலக் கதைகள் சிலவற்றில் அதற்கு ஆதாரமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'காஞ்சனை'யையும் கந்தசாமிப் பிள்ளையையும் எந்த அயல்நாட்டுக் கடையிலும் வாங்க முடியாது. அவை இந்த மண்ணில் முளைத்தவை.

பூனாவில் பிடித்த நோய்

பத்திரிகை கைகொடுக்காதபோது சினிமா கூப்பிட்டது. 'அவ்வையார்', 'காமவல்லி' படங்களுக்கு எழுதினார். தாயின் பெயரால் 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று சொந்தக் கம்பெனியும் ஆரம்பித்தார். எடுக்க நினைத்த படம் வெளிவரவில்லை, கடன்தான் மிஞ்சியது. பிறகு எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதப் பூனாவுக்குப் போனார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் புத்தகமாக வந்தன. அவரது நகைச்சுவைக்குப் பின்னால் எவ்வளவு கண்ணீர் இருந்தது என்பதை அவை காட்டுகின்றன.

பூனாவில் காசநோய் அவரைப் பிடித்துக்கொண்டது. காட்டேரி இரத்தத்தைக் குடிக்கும் என்பார்கள். அந்த நாளில் காசநோய் செய்ததும் அதுதானே! அதற்கு மருந்து இல்லாமல் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் நம் நாட்டில் அது அபூர்வம்; விலையோ ஏழைக்கு எட்டாது. பிணத்துக்கு உயிர் கொடுத்த விஞ்ஞானியின் கதையைத் தமிழில் தந்தவருக்கு, உயிர் காக்கும் விஞ்ஞானம் நேரத்தில் வந்து சேரவில்லை.

மனைவியும் குழந்தையும் இருந்த திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். 1948இல் அங்கேயே கண்ணை மூடினார். வயது 42. அவர் வசனம் எழுதிய 'ராஜமுக்தி' வெளிவந்தபோது அவர் இல்லை.

எஞ்சி நிற்பது

ஏறக்குறைய 15 ஆண்டுகளே எழுதினார். சுமார் 100 சிறுகதைகள், பல மொழிபெயர்ப்புகள், கட்டுரைகள், கவிதைகள். நண்பர் ரகுநாதன் 1951இல் அவருடைய வரலாற்றை எழுதினார். 2002இல் தமிழ்நாடு அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம்; யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உயிரோடு இருந்தபோது மருந்துக்குக் காசில்லாத மனிதரின் சொத்து, இன்று ஊருக்கெல்லாம் பொதுச் சொத்து.

மாயக்கதையும் திகில் கதையும் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவையெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு, படத்தில் பார்த்தால் போதும் என்று நினைக்கும் வாலிபர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் புதுமைப்பித்தனின் வாழ்க்கை பதில் சொல்கிறது. பேயைச் சாக்காக வைத்துப் பசியைப் பேசலாம். கடவுளைச் சாக்காக வைத்து மனிதனைப் பேசலாம். அதைத் தமிழில், நம் தெருவையும் நம் வீட்டையும் வைத்தே செய்யலாம் என்று அவர் செய்து காட்டிவிட்டார்.

சோரியாங்குப்பத்திலும் பாகூரிலும் வில்லியனூரிலும் இன்றும் பிள்ளைகள் பேய்க்கதை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார்கள். அவர்கள் கையில் 'காஞ்சனை'யைக் கொடுங்கள். பகலில் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் 'மகாமசான'த்தையும் கொடுங்கள். எந்தப் பேய்க்குப் பயப்படலாம், எந்தப் பேயோடு போராட வேண்டும் என்பதை, ஆற்றுக்கு அக்கரையில் பிறந்த அந்த மனிதர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்.