நோபல் ராமனை உட்கார வைத்த ஜெல்லி வளையங்கள்

உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஏதாவது ஏரிக்குப் போனா, ரெண்டு கல்லைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி எறிஞ்சு பாருங்க. ரெண்டு வட்ட அலையும் விரிஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போகும். அலைன்னா விடவே மாட்டார் ஒருத்தர். இதே திருச்சி ரோட்டுல தெற்கே போனா வர்ற திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி.ராமன்.

1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, விடுங்க. 1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். நாலே வருஷம்தான். நிர்வாக மோதல் முற்றி, 1937-ல் அந்த நாற்காலியை விட வேண்டியதாயிற்று. நோபல் வாங்கினவருக்கு இது சின்ன அடியா? ஆனாலும் கிளம்பவில்லை. வெறும் பேராசிரியராக அதே வளாகத்தில் தங்கினார்.

அங்கே அவர் பிடித்த விஷயங்களில் ஒன்று, லீஸகாங் வளையங்கள். 1896-ல் ஜெர்மனியின் லீஸகாங் சொன்ன விந்தை இது. பொட்டாசியம் டைகுரோமேட் கலந்த ஜெலட்டினைக் கண்ணாடியில் ஜெல்லி போல உறைய விட்டு, நடுவில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் வைக்கணும். மொத்தமும் செம்பழுப்பாகக் கறை படியும்னுதானே நினைப்போம்? வராது. வட்டம், இடைவெளி, வட்டம்னு தனித்தனியா விழும். வெளியே போகப் போக இடைவெளியும் கூடும்.

ராமனும் கே.சுப்பராமையாவும் இதில் அலையைப் பார்த்தார்கள். ஏரியில் ரெண்டு கல் போட்ட மாதிரி, வளையங்கள் சந்திக்கும் இடத்தில் குறுக்கீட்டுக் கோலம்! 1938-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். 1939-ல் விரிவான கட்டுரையும் வந்தது.

ஆனா அறிவியல் உலகம் அந்தப் பக்கம் போகலை. உப்பு மெதுவா ஊறிப் பரவும். அளவு மீறின இடத்தில் வீழ்படிவு விழும். பக்கத்தில் இருக்கிற சரக்கை அது உறிஞ்சிக்கும். அதனால கொஞ்ச தூரம் காலி, அப்புறம் அடுத்த வளையம். இன்னிக்கு விளக்கங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான். வெளிச்சத்தை ஜெயிச்ச கண்ணு, ஜெல்லியில் கொஞ்சம் அதிகமாவே அலையைப் பார்த்துடுச்சுன்னு எனக்குத் தோணுது.

வரிகள் மீதான ஆசை மட்டும் போகலை. 1948-ல் ஓய்வு பெற்று, சொந்தமா ஆய்வுக்கூடம் நடத்தினப்பவும், 1953-ல் வரி வரியா அடுக்கு கொண்ட அகேட் கல்லை வெளிச்சத்தில் பிடிச்சு, அதில் வானவில் நிறம் எப்படி வருதுன்னு ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போ வயசு 64.