நிழற்படக் கலைஞர் ஜான் தாம்சன்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்வோர் இன்று கைபேசியிலேயே படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். நொடிப்பொழுது வேலை. இதே பினாங்கில், 160 ஆண்டுகளுக்கு முன், ஒரு முகத்தைப் படமாக்கக் கண்ணாடித் தகடுகளையும் மருந்துப் புட்டிகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. அவ்வாறு சுமந்து சென்றவருள் ஒருவரான ஜான் தாம்சனின் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கு இங்கே தருகின்றோம்.

தாம்சன் 1837ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில், புகையிலைத் தொழில் செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் கண்ணாடி வில்லைகளும் அறிவியல் கருவிகளும் செய்யும் பட்டறையில் தொழில் பழகினார். மாலையில் வகுப்புக்குச் சென்று பயின்றார். 1862இல் சிங்கப்பூரிலிருந்த தமையனாரிடம் வந்து சேர்ந்து, நிழற்பட நிலையம் தொடங்கினார்.

நிலையத்தில் வேலை எளிது. மேலிருந்து அளவான வெளிச்சம் விழும். பின்னால் ஓவியத்திரை தொங்கும். தலை அசையாதிருக்க இரும்புக் கவ்வி பிடித்துக்கொள்ளும். தாம்சனுக்கோ அது மட்டும் போதவில்லை. மக்களை அவர்கள் வாழும் இடத்திலேயே படமெடுக்க விரும்பினார். பினாங்கிலும், இன்று செபராங் பிறை எனப்படும் எதிர்க்கரையிலும் பத்துத் திங்கள் தங்கிச் சுற்றினார். அக்கரையில் அந்நாளில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே தமிழர் கூலிகளாக உழைத்தனர்.

அக்கால முறை கடினமானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, இருட்டில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். சில நிமிடம் தாமதித்தாலும் தகடு வீண். அந்த மருந்து பட்ட விரலும் கறுத்துப்போகும். இது பேய்வேலை என்று அஞ்சிச் சீனர்கள் உதவிக்கு வர மறுத்தனர். ஆகவே, சென்னை மாகாணத்தார் இருவரைப் பழக்கி உதவியாளராக வைத்துக்கொண்டதாகத் தாம்சன் தம் நூலில் எழுதியுள்ளார். அவர்கள் தமிழராகவே இருத்தல் கூடும் என்பது நம் எண்ணம். இருவர் பெயரையும் அவர் எழுதவில்லை. படமெடுத்தவர் புகழ் நிலைத்தது. படத்தைக் கழுவி அச்சிட்ட கைகள் யாருடையவை என்று நமக்குத் தெரியாமலே போயிற்று.

பின்னர் அவர் சயாம் மன்னரைப் படமெடுத்தார். 1866இல் கம்போடியாவின் அங்கோர் கோயிலைப் படம் பிடித்தார். 1872 வரை சீனாவில் நெடுந்தொலைவு பயணம் செய்தார். படமெடுத்தால் உயிர் குன்றிவிடும் என்று அங்கே பலர் அஞ்சினர்.

தாய்நாடு திரும்பியபின் இலண்டன் தெருக்களில் ஏழைகளைப் படமெடுத்தார். 1877இல் வெளியான ஒரு படத்தில், வறிய மூதாட்டி ஒருத்தி படிக்கட்டில் சோர்ந்து அமர்ந்திருக்கிறாள். மடியிலுள்ள குழந்தை அவளுடையதன்று. அதன் தாய் காப்பிக் கடையில் வேலைக்குப் போயிருக்கிறாள். பார்த்துக்கொள்வதற்குக் கூலி, சிறிது தேநீரும் ரொட்டியும். ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற நம் தாய்மார்களுக்கு இப்படத்தை விளக்க வேண்டியதில்லை.

முதுமையில் நாடாய்வாளர்களுக்கு நிழற்படக்கலை கற்பித்துவந்த தாம்சன், 1921இல் மறைந்தார். அவர் எடுத்த ஏறத்தாழ 700 கண்ணாடித் தகடுகள் இலண்டனில் வெல்கம் நூலகத்தில் காக்கப்பட்டு, கணினி வழியும் காணக் கிடைக்கின்றன. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவற்றைப் பள்ளிக் கணினி அறையில் காண ஏற்பாடு செய்துள்ளோம், பெற்றோரும் வரலாம்.